பொறுத்துக்கொள்வது வேறு, உரிமை வேறு: ஜேம்ஸ் மேடிசனின் கதை

அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்கு நூறு கேள்வி படித்துவிட்டுப் போன நம் ஆட்களுக்கு ஜேம்ஸ் மேடிசன் என்ற பெயர் மனப்பாடம். ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளை எழுதியவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்று அதிகாரி கேட்டால், மேடிசன், ஹாமில்டன், ஜே என்று மூன்றுமே சரளமாக வந்து விழும். அரசமைப்புச் சட்டத்தின் முதல் பத்துத் திருத்தங்களுக்கு என்ன பெயர் என்றால் உரிமைகள் சாசனம். பாஸ். சத்தியப்பிரமாணம் எடுத்து, கொடியோடு ஒரு போட்டோ எடுத்து, அடுத்த வாரமே எல்லாம் மறந்துபோகும். பிள்ளைகள் பள்ளியில் வரலாற்றுப் பாடத்தில் கேட்டுக்கொண்டு வந்தால் திரும்பக் கொஞ்சம் ஞாபகம் வரும். அவ்வளவுதான்.

ஆனால் அந்த மனிதரின் வாழ்க்கை வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறிய நமக்கு நிறையவே வேண்டியது. நம்மில் பலருடைய மனதுக்குள் ஒரு குரல் ஓடிக்கொண்டே இருக்கிறது: ஒண்ட வந்த இடம், வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார், இவர்கள் நம்மை இருக்க விட்டதே பெரிசு. இந்த எண்ணத்துக்கு எதிரான ஒரு வாதத்தை, 250 வருஷத்துக்கு முன்னால், 25 வயதில், ஒரே ஒரு சொல்லை மாற்றித் தொடங்கியவர் மேடிசன்.

1751 மார்ச் 16 அன்று வர்ஜீனியாவில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் மூத்தவர். அப்பா ஆரஞ்சு கவுண்டியிலேயே பெரிய நிலக்காரர், புகையிலைப் பண்ணை. மான்ட்பெலியர் என்ற அந்தப் பண்ணையில் வேலை செய்தவர்கள் அடிமைகள். மேடிசன் கண் திறந்ததிலிருந்து கண் மூடும்வரை அடிமைகளின் உழைப்பில்தான் சாப்பிட்டார். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆள் ரொம்பக் குள்ளம். 5 அடி 4 அங்குலம், எடை 45 கிலோவைத் தாண்டினால் அதிசயம். அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும், வலிப்பு மாதிரி ஏதோ வரும். குரலும் சன்னம்; சபையில் எழுந்து பேசினால் பின்வரிசைக்குக் கேட்காது, குறிப்பெடுப்பவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்களாம். வாஷிங்டன் மாதிரி குதிரையில் ஏறி நின்றால் கூட்டம் கைதட்டும் ஆள் கிடையாது. அவருடைய பலம் படிப்பு. இன்று பிரின்ஸ்டன் என்று பெயர் மாறியிருக்கும் கல்லூரியில் சேர்ந்து, பட்டப்படிப்பை இரண்டே வருடத்தில் முடித்து, ஊருக்குப் போக மனமில்லாமல் மேலும் சில மாதம் தங்கி எபிரேய மொழி படித்தார்.

ஊர் திரும்பியதும் அவரை உலுக்கிய முதல் விஷயம் மதம். வர்ஜீனியாவில் அப்போது ஆங்கிலிக்கன் சபைதான் அரசாங்க மதம். அதற்கு எல்லோரும் வரி கட்ட வேண்டும். பாப்டிஸ்ட் போதகர்கள் அனுமதி வாங்காமல் பிரசங்கம் செய்தால் பிடித்து உள்ளே போட்டார்கள். பக்கத்து கல்பெப்பர் கவுண்டியில் அப்படிச் சிலர் சிறையில் கிடந்தார்கள். மேடிசன் பாப்டிஸ்ட் இல்லை, அவர் ஆங்கிலிக்கன் குடும்பம். தனக்கு நேர்ந்த கஷ்டம் எதுவும் இல்லாத ஒரு பணக்கார வீட்டுப் பையன், அடுத்த சபைக்காரன் சிறையில் கிடப்பதைப் பார்த்துக் கொதித்துப்போய் 1774இல் நண்பருக்குக் கடிதம் எழுதினான்.

1776இல் வர்ஜீனியா தனக்கென்று ஒரு உரிமைப் பிரகடனம் எழுத உட்கார்ந்தது. எழுதியவர் ஜார்ஜ் மேசன், அனுபவசாலி, மேடிசனைவிட 25 வயது மூத்தவர். மத விஷயத்தில் எல்லோருக்கும் முழுமையான சகிப்பு உண்டு என்ற பொருளில் மேசன் எழுதியிருந்தார். அந்தக் காலத்துக்கு அதுவே முற்போக்கு. ஆனால் குழுவில் கடைசி வரிசையில் இருந்த இந்த 25 வயதுப் பையன் அந்தச் சொல்லில் கை வைத்தான். சகிப்பு என்றால் ஒருவர் மேலே இருக்கிறார், அவர் கீழே இருப்பவரைப் பொறுத்துக்கொள்கிறார் என்று அர்த்தம். இன்றைக்குப் பொறுத்துக்கொள்பவர் நாளைக்குப் பொறுமை இழக்கலாம். எனவே அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, மதத்தைச் சுதந்திரமாகப் பின்பற்ற எல்லோருக்கும் சம உரிமை உண்டு என்று மாற்றச் சொன்னார். அரசாங்க மதமே வேண்டாம் என்கிற அளவுக்குப் போன அவருடைய முதல் முயற்சி எடுபடவில்லை. கொஞ்சம் இறங்கிவந்து எழுதிய இரண்டாவது வடிவத்தைச் சபை ஏற்றுக்கொண்டது. ஒருவர் தரும் சலுகையாக இருந்தது, பிறவியிலேயே கூடவரும் உரிமையாக மாறியது.

அடுத்த வருஷத் தேர்தலில் தோற்றுப்போனார். காரணத்தைக் கேட்டால் நம்ம ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். வாக்காளர்களுக்குச் சாராயம் வாங்கிக் கொடுப்பது அப்போது வர்ஜீனியா வழக்கம். இளைஞர் மேடிசன் கொள்கைப்படி மாட்டேன் என்றார். எதிர்த்து நின்றவர் சாராயக்கடை நடத்துபவர். பிறகு கேட்கவா வேண்டும்!

ஆனாலும் அவரை விட்டால் வேலை செய்ய ஆளில்லை என்று தெரிந்தவர்கள் வேறு பதவிகளுக்கு அனுப்பினார்கள். 1780இல் பிலடெல்ஃபியாவில் கூடிய காங்கிரஸுக்குப் போனார். அங்கேதான் அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய முரண்பாடு அவர் கண்முன்னாலேயே நின்றது. கூடப் போயிருந்த அடிமை பில்லி, பிலடெல்ஃபியாவில் சுதந்திரமாக நடமாடும் கறுப்பர்களைப் பார்த்துவிட்டான். சுதந்திரம் சுதந்திரம் என்று எஜமானர்கள் பேசுவதையும் காதால் கேட்டுவிட்டான். 1783இல் ஊர் திரும்பும்போது மேடிசன் அப்பாவுக்கு எழுதினார்: பில்லியைத் திரும்பக் கூட்டிவர முடியாது, அவன் மனது மற்ற அடிமைகளோடு சேர்க்க முடியாதபடி ஆகிவிட்டது, நாம் இவ்வளவு ரத்தம் சிந்தி வாங்கிய அதே சுதந்திரத்துக்கு ஆசைப்பட்டான் என்பதற்காக அவனைத் தண்டிக்க எனக்கு மனமில்லை. சாரம் இதுதான். பென்சில்வேனியா சட்டப்படி ஏழு வருடத்துக்குள் விடுதலை கிடைக்கும் என்ற நிலையில் அவனை அங்கேயே விற்றுவிட்டு வந்தார். பில்லி பின்னாளில் வில்லியம் கார்ட்னர் என்ற பெயரில் சுதந்திர மனிதனாக வாழ்ந்தார்.

கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. மேடிசனுக்குப் புரியாமல் இல்லை. நன்றாகவே புரிந்திருந்தது. அறியாமல் செய்தவர் என்று அவருக்காக வாதாடுகிறவர்கள் இந்தக் கடிதத்துக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

சுதந்திரப் போர் முடிந்தும் நாடு நாடாக இல்லை. பதின்மூன்று மாநிலங்கள், பதின்மூன்று திசை. மத்திய அரசுக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது, கெஞ்சிக் கேட்டால் மாநிலங்கள் கொடுத்தால் உண்டு. ஒரு மாநிலத்துப் பணம் அடுத்த மாநிலத்தில் செல்லாது. மாஸசூசெட்ஸில் கடன்பட்ட விவசாயிகள் துப்பாக்கி தூக்கினார்கள். மேடிசனுக்குப் பாரிஸிலிருந்து ஜெஃபர்சன் பெட்டி பெட்டியாகப் புத்தகம் அனுப்பிக்கொண்டிருந்தார். பழைய கிரேக்கக் கூட்டணிகள், சுவிட்சர்லாந்து, ஹாலந்து என்று இதுவரை உலகத்தில் சேர்ந்து வாழ முயன்ற நாடுகள் ஏன் உடைந்தன என்று அவர் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

1787 மே மாதம் பிலடெல்ஃபியாவில் அரசமைப்பு மாநாடு. மற்றவர்கள் வந்து சேருமுன் மேடிசன் வந்துவிட்டார், கையில் திட்டத்தோடு. 55 பேர் கலந்துகொண்டார்கள். வெளியே செய்தி கசியக் கூடாது என்று கோடைக்கால வெயிலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். மேடிசன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் என்ன பேசினார் என்று ஒரு நாள் விடாமல் எழுதினார். இன்று அந்த மாநாட்டுக்குள் நடந்தது நமக்குத் தெரிகிறது என்றால் பெரும்பாலும் அவர் கையெழுத்தால்தான்.

அரசமைப்பின் தந்தை என்று அவரைச் சொல்கிறோம். ஆனால் தந்தை கேட்ட பல விஷயங்கள் கிடைக்கவில்லை. இரண்டு அவையிலும் மக்கள்தொகைப்படி இடம் வேண்டும் என்றார். சிறிய மாநிலங்கள் விடவில்லை, செனட்டில் ஆளுக்கு இரண்டு என்று முடிந்தது. மாநிலச் சட்டங்களை ரத்து செய்யும் அதிகாரம் மத்திய அரசுக்கு வேண்டும் என்றார், அதுவும் போச்சு. அடிமைகளை ஐந்தில் மூன்று பங்கு மனிதராகக் கணக்கிட்டுத் தென்மாநிலங்களுக்குக் கூடுதல் இடம் கொடுக்கும் அசிங்கமான சமரசம் மட்டும் உள்ளே வந்தது. அடிமை என்ற சொல் எங்கும் வராமல் பார்த்துக்கொண்டார்கள். வெட்கம் இருந்திருக்கிறது, வெட்கப்படும் காரியத்தை நிறுத்தும் துணிச்சல்தான் இல்லை.

மாநாடு முடிய ஐந்து நாள் இருக்கும்போது அதே ஜார்ஜ் மேசன் எழுந்தார். இவ்வளவு அதிகாரமுள்ள அரசை உண்டாக்கிவிட்டீர்கள், மக்களின் உரிமைகளை எங்கேயும் எழுதவில்லையே, சில மணி நேரத்தில் எழுதிவிடலாம் என்றார். ஒரு மாநிலம்கூட ஆதரிக்கவில்லை. மேடிசனும் சேர்த்துத்தான். மேசன் கையெழுத்துப் போடாமல் கிளம்பிப் போனார்.

உரிமைகள் சாசனத்தை எழுதியவர் என்று இன்று கொண்டாடப்படுகிறவருக்கு அப்போது அதில் நம்பிக்கை இல்லை. அவருக்கும் காரணம் இருந்தது. வர்ஜீனியாவில் உரிமைப் பிரகடனம் எழுதிவைத்தும் பெரும்பான்மை நினைத்தபோதெல்லாம் அதை மீறியதை அவரே பார்த்திருக்கிறார். காகிதத்தில் வேலி போட்டால் மாடு மேயாமல் இருக்குமா? அரசு மக்கள்மீது பாய்வதைவிட, பெரும்பான்மை மக்கள் அரசைக் கையில் வைத்துக்கொண்டு சிறுபான்மைமீது பாய்வதுதான் அவருக்குப் பெரிய பயம். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியென்றால் உரிமைக்கு எது பாதுகாப்பு? அதிகாரத்தைத் துண்டு போடுவது என்றார். ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் 85இல் 29 மேடிசன் எழுதியவை என்று இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். பத்தாவது கட்டுரையில், நாடு பெரிதாக இருந்தால் கட்சிகளும் குழுக்களும் எக்கச்சக்கமாக இருக்கும், ஒரே குழு எல்லோரையும் மிதித்துவிட முடியாது என்று வாதிட்டார். ஐம்பத்தொன்றாவதில், ஆளுகிறவர்கள் நல்லவர்களாக இருப்பார்கள் என்று நம்பி அமைப்பைக் கட்டக் கூடாது, ஒருவருடைய பதவி ஆசையே இன்னொருவரைத் தடுக்கும்படி கட்ட வேண்டும் என்றார். நம் தமிழ்ச் சங்கங்களில் தலைவரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் காசோலை செல்லும் என்று வைத்திருக்கிறோமே, ஏன்? தலைவர் திருடன் என்றா? இல்லை. நல்ல தலைவருக்கும் அது பொருந்தும், அடுத்து வரப்போகிற தெரியாத தலைவருக்கும் பொருந்தும். மேடிசனின் கணக்கும் அதுதான்: காங்கிரஸ், அதிபர், நீதிமன்றம் என்று கையெழுத்துப் போட வேண்டியவர்கள் பலர்.

ஆனால் ஜனங்கள் கேட்கவில்லை. உரிமை எங்கே எழுதியிருக்கிறது என்றுதான் கேட்டார்கள். வர்ஜீனியாவில் பாட்ரிக் ஹென்றி இடிமுழக்கம் மாதிரி பேசினார். 1788 ஜூனில் 89க்கு 79 என்ற கணக்கில் அரசமைப்பு தப்பிப் பிழைத்தது. ஹென்றி விடவில்லை. மேடிசனை செனட்டுக்குப் போகவிடாமல் சட்டசபையில் தடுத்தார். பிரதிநிதிகள் சபைக்கு நின்றபோது தொகுதியை அவருக்குப் பாதகமாக அமைத்தார்கள். எதிரே ஜேம்ஸ் மன்றோ, அவருடைய நண்பர், பின்னாளில் அவரும் அதிபர்.

இந்தத் தேர்தலைத்தான் நான் மேடிசன் வாழ்க்கையின் நடு அச்சு என்பேன். கல்பெப்பரிலிருந்த பாப்டிஸ்டுகள் அந்தத் தொகுதியில் ஓட்டுப் போட வேண்டியவர்கள். அந்தப் போதகர்கள் சிறையில் கிடந்த காலம் அவர்களுக்கு மறக்கவில்லை. எழுதிக்கொடுத்தால்தான் நம்புவோம் என்றார்கள். பாரிஸிலிருந்து ஜெஃபர்சன் கடிதம்மேல் கடிதம்: முழு ரொட்டி கிடைக்காவிட்டால் பாதியாவது வாங்கு, எழுதிவைத்தால் நீதிபதிகளின் கையில் ஒரு ஆயுதம் கிடைக்கும். ஜனவரிக் குளிரில் மேடிசனும் மன்றோவும் ஊர் ஊராகப் போய் ஒரே மேடையில் வாதிட்டார்கள். ஓர் இரவு தேவாலயத்துக்கு வெளியே பனியில் நின்று பேசிவிட்டு, இருட்டில் குதிரையில் வீடு திரும்பியபோது பனி கடித்து மேடிசனின் மூக்கில் தழும்பு விழுந்தது. திருத்தங்களைக் கொண்டுவருவேன் என்று வாக்குக் கொடுத்தார். 1,308 ஓட்டு அவருக்கு, 972 மன்றோவுக்கு. 336 ஓட்டு வித்தியாசம்.

தேர்தல் வாக்குறுதியை ஜெயித்த பிறகு மறப்பது எந்த நாட்டிலும் புதிதல்ல. மேடிசன் மறக்கவில்லை. 1789 ஜூன் 8 அன்று நியூயார்க்கில் எழுந்து திருத்தங்களை முன்வைத்தார். வரி, சுங்கம் என்று தலைக்குமேல் வேலை கிடக்கும்போது இது எதற்கு இப்போது என்று சகாக்கள் சலித்துக்கொண்டார்கள். விடாமல் நச்சரித்தார். மாநிலங்களிலிருந்து வந்த ஆலோசனைகள் குவிந்து கிடந்தன. அவற்றில் மத்திய அரசின் கையைக் கட்டிப்போடுவதை ஒதுக்கிவிட்டு, மனிதனைக் காப்பதைப் பொறுக்கினார். பேச்சு, பத்திரிகை, மதம், கூட்டம் கூடுவது, வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, ஜூரி விசாரணை. பட்டியலில் விட்டுப்போனது உரிமையே இல்லை என்று நாளைக்கு எவனாவது வாதாடுவான் என்று அவருக்கு முன்பிருந்தே ஒரு கவலை. அதற்கும் ஒரு திருத்தம் போட்டார், அதுதான் ஒன்பதாவது.

இதில் ஒன்றை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். ஐந்தாவது திருத்தம், சட்டப்படியான நடைமுறை இல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கக் கூடாது என்று சொல்லும்போது பயன்படுத்தும் சொல் குடிமகன் அல்ல, நபர். பச்சை அட்டை வைத்திருப்பவர், விசாவில் இருப்பவர், ஒன்றுமே கையில் இல்லாதவர், எல்லோரும் நபர்தான்.

செனட் வெட்டிக் கொத்தி 12 திருத்தங்களாக்கியது. 1791 டிசம்பர் 15க்குள் பத்து நிறைவேறின. விடுபட்ட இரண்டில் ஒன்று, உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தைத் தாங்களே உடனடியாக உயர்த்திக்கொள்ள முடியாது என்பது. அது தூசி படிந்து கிடந்து, 1992இல் 27ஆவது திருத்தமாக உயிர்பெற்றது. அதற்குக் காரணம் டெக்சாஸில் ஒரு கல்லூரி மாணவர் அதைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு ஆசிரியர் மட்டமான மதிப்பெண் போட்டதும், அந்த ஆத்திரத்தில் அவர் மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதியதும்!

மேடிசன் மிக முக்கியம் என்று நினைத்த ஒரு திருத்தம் செனட்டில் செத்தது. மனச்சாட்சி, பத்திரிகை, குற்ற வழக்கில் ஜூரி, இந்த மூன்றையும் எந்த மாநில அரசும் மீறக் கூடாது என்பது. மத்திய அரசைக் கட்டினால் மட்டும் போதாது, பக்கத்திலிருக்கும் மாநில அரசுதான் அதிகம் கடிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. செனட் கேட்கவில்லை. பிறகு உள்நாட்டுப் போர் நடந்து, லட்சக்கணக்கானோர் செத்து, 1868இல் 14ஆவது திருத்தம் வந்தது. அதன் வழியாக உச்ச நீதிமன்றம் பத்திரிகைச் சுதந்திரத்தை 1931இலும், மதச் சுதந்திரத்தை 1940இலும், ஜூரி உரிமையை 1968இலும் மாநிலங்கள்மீது ஏற்றியது. அந்த 14ஆவது திருத்தத்தின் நபர் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் 1886இல் சான் பிரான்சிஸ்கோவில் துணி வெளுக்கும் கடை நடத்திய, குடியுரிமை இல்லாத ஒரு சீனர் நகர நிர்வாகத்தை எதிர்த்து ஜெயித்தார்.

இதைப் படித்து ரொம்பப் பெருமைப்பட்டுவிட வேண்டாம். உரிமைகள் சாசனத்தை எழுதிய அதே முதல் காங்கிரஸ்தான் 1790இல் குடியுரிமைச் சட்டமும் போட்டது. சுதந்திரமான வெள்ளையர்களுக்கு மட்டும் என்று. வெளியிலிருந்து நல்லவர்கள் வரட்டும் என்று மேடிசன் அந்த விவாதத்தில் பேசினார். அந்த வெள்ளையர் என்ற சொல்லுக்கு அவருடைய பேனா நகரவில்லை. அந்தச் சொல்லை வைத்துத்தான் 1923இல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியருக்கு, முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவருக்கு, உச்ச நீதிமன்றம் குடியுரிமை இல்லை என்றது. 1946வரை இந்தியர்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது. 1952இல்தான் நிறத் தடை முழுசாகப் போனது.

1798இல் மேடிசன் நம் பக்கம் வந்து நின்றார். பிரான்சோடு போர் மூளும் என்ற பயம். ஜான் ஆடம்ஸ் அதிபர். நான்கு சட்டங்கள் வரிசையாக வந்தன. குடியுரிமைக்குக் காத்திருக்கும் காலம் 5 வருடத்திலிருந்து 14 ஆனது. ஆபத்தானவர் என்று அதிபர் நினைத்தால் போதும், எந்த வெளிநாட்டவரையும் விசாரணையே இல்லாமல் நாடு கடத்தலாம். போர்க்காலத்தில் எதிரி நாட்டுக்காரர்களைப் பிடித்துவைக்கலாம். அரசை இழிவாக எழுதினால் சிறை. அயர்லாந்தில் பிறந்து வந்து வெர்மான்டில் ஜெயித்த மேத்யூ லயன் என்ற காங்கிரஸ் உறுப்பினரையே நான்கு மாதம் உள்ளே போட்டார்கள். ஜனங்கள் அவரைச் சிறையில் இருக்கும்போதே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள்.

மேடிசன் பெயர் போடாமல் வர்ஜீனியா சட்டசபைக்குத் தீர்மானம் எழுதிக்கொடுத்தார். 1800 ஜனவரியில் அதை விளக்கி நீண்ட அறிக்கை எழுதினார். அரசமைப்பு என்பது குடிமக்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம், வெளிநாட்டவன் அதில் சேர்த்தி இல்லை, எனவே அவனுக்கு உரிமை கிடையாது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. அதற்கு அவர் சொன்ன பதில் ரொம்ப எளிமையானது. இந்த மண்ணில் இருக்கும்வரை அவன் நம் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறானா இல்லையா? கட்டுப்படுகிறான் என்றால், அந்தச் சட்டத்தின் பாதுகாப்பும் அவனுக்கு உண்டு. ஒரு வெளிநாட்டவன் குற்றம் செய்தால் அவனுக்கும் ஜூரி விசாரணை தருகிறோம்; சந்தேகம் மட்டும் இருந்தால் விசாரணை வேண்டாம் என்பது என்ன நியாயம்? வரி கட்டி, சட்டத்துக்கு அடங்கி, ஓட்டு இல்லாமல் இருபது வருஷம் வரிசையில் காத்திருக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களுக்காக இதைவிடத் தெளிவாக யாரும் வாதாடிவிடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜெஃபர்சன் 1801இல் அதிபரானதும் மேடிசன் வெளியுறவு அமைச்சர். முந்தைய அரசு கடைசி நேரத்தில் போட்ட ஒரு நியமன உத்தரவை அவர் கொடுக்க மறுத்தார். மார்பரி என்பவர் வழக்குப் போட்டார். 1803இல் மார்பரிக்கும் மேடிசனுக்கும் இடையிலான அந்த வழக்கில்தான், அரசமைப்புக்கு முரணான சட்டத்தைச் செல்லாதாக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்று தீர்ப்பு வந்தது. இன்று சட்டக் கல்லூரிகளில் மேடிசன் பெயரை முதலில் கேள்விப்படுவது பிரதிவாதியாகத்தான்.

1809 முதல் 1817 வரை அதிபர். சிறந்த அதிபர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. 1812இல் பிரிட்டனோடு தயாரிப்பே இல்லாமல் போர். 1814 ஆகஸ்ட் 24 அன்று பிரிட்டிஷ் படை வாஷிங்டனுக்குள் புகுந்து அதிபர் மாளிகையைக் கொளுத்தியது. மனைவி டாலி மேடிசன் வாஷிங்டனின் ஓவியத்தைக் காப்பாற்றிய கதை பாடப்புத்தகத்தில் இருக்கும். கழற்றி எடுத்தது வேலைக்காரர்கள் என்று அப்போது 15 வயதில் அங்கே அடிமையாக இருந்த பால் ஜென்னிங்ஸ் பின்னாளில் எழுதினார்.

அந்தப் போரில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பத்திரிகைகள் அவரைக் கிழி கிழி என்று கிழித்தன. நியூ இங்கிலாந்து மாநிலங்கள் பிரிந்து போகலாமா என்றுகூடப் பேசின. தலைநகரமே எரிந்தது. அப்போதும் எதிர்த்து எழுதியவனைச் சிறையில் போட அவர் சட்டம் கேட்கவில்லை. 1798இல் பேசியதை 1814இல் கடைப்பிடித்தார். அதே சமயம், அதே 1798இல் வந்த எதிரி நாட்டவர் சட்டத்தை எடுத்து அமெரிக்காவில் வாழ்ந்த பிரிட்டிஷ்காரர்கள்மீது பயன்படுத்தினார்; பெயரைப் பதிவு செய், துறைமுகத்தை விட்டு உள்நாட்டுக்கு நகர் என்று. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்களைப் பிடித்துவைக்கவும் அதே சட்டம் கைகொடுத்தது. 2025இல் வெனிசுவேலாக்காரர்கள்மீதும் வந்து, வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அது இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

பதவி முடிந்து மான்ட்பெலியருக்குத் திரும்பினார். புகையிலை விலை விழுந்தது, கடன் ஏறியது. நூறு பேர் அளவில் அடிமைகள். அடிமை முறை தப்பு என்று வந்தவர்களிடமெல்லாம் பேசுவார். கறுப்பர்களை விடுவித்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடலாம் என்ற சங்கத்துக்குத் தலைவராகக்கூட இருந்தார். இங்கேயே பிறந்து இங்கேயே உழைத்தவர்களைத் திருப்பி அனுப்புவதாம். சகிப்புக்கும் உரிமைக்கும் வித்தியாசம் கண்டுபிடித்த அதே மூளைதான் இதையும் யோசித்தது. உயிலிலும் யாரையும் விடுவிக்கவில்லை. அவர்கள் சம்மதம் இல்லாமல் விற்கக் கூடாது என்ற விருப்பத்தை மட்டும் எழுதிவைத்தார்.

1836 ஜூன் கடைசியில் படுத்த படுக்கை. ஆடம்ஸ், ஜெஃபர்சன், மன்றோ மூவரும் ஜூலை 4 அன்று இறந்தவர்கள். இவரையும் மருந்து கொடுத்து அந்தத் தேதிவரை இழுத்துப் பிடிக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஜூன் 28 காலை, 85ஆவது வயதில் போய்ச் சேர்ந்தார். அரசமைப்பில் கையெழுத்திட்டவர்களில் கடைசியாக இறந்தவர் அவர். பிலடெல்ஃபியாவில் எழுதிய குறிப்புகளைத் தான் உயிரோடு இருக்கும்வரை வெளியிடவில்லை. 1840இல்தான் அவை அச்சாயின.

அறையில் அந்தக் காலையில் பால் ஜென்னிங்ஸ் இருந்தார். பதினாறு வருஷம் அவருக்குச் சவரம் செய்துவிட்டவர். உயிலில் எழுதிய விருப்பம் காற்றில் போயிற்று. கடனில் மூழ்கிய டாலி அடிமைகளை ஒவ்வொருவராக விற்றார், மான்ட்பெலியரையும் விற்றார், ஜென்னிங்ஸையும் விற்றார். செனட்டர் டேனியல் வெப்ஸ்டர் 1847இல் 120 டாலர் கொடுத்து ஜென்னிங்ஸை வாங்கி விடுதலை செய்தார். அந்தப் பணத்தை ஜென்னிங்ஸ் மாதம் 8 டாலர் வீதம் வேலை செய்து கழித்தார். வாஷிங்டனில் டாலி சாப்பாட்டுக்கே சிரமப்பட்ட அந்த நாட்களில், வெப்ஸ்டர் வீட்டிலிருந்து கூடை நிறையப் பொருள் கொண்டுபோய்க் கொடுத்தவர் ஜென்னிங்ஸ். சில நேரம் தன் சட்டைப் பையிலிருந்தும் கொஞ்சம் காசு எடுத்துக் கொடுத்திருக்கிறார்.